பதிவேட்டில் இருக்கிற பிள்ளை பாடத்தில் இருக்கிறதா?

ஜூன் மாதச் சேர்க்கை முடிந்ததும் வடசென்னையின் ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் வகுப்புக்கு ஒன்றோ இரண்டோ மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. புத்தகம் வந்துவிடுகிறது, சீருடை வந்துவிடுகிறது, மதியம் தட்டில் சாப்பாடும் விழுகிறது. ஆனால் மூன்றாவது பீரியடில் ஆசிரியர் கழித்தல் கணக்குப் போடும்போது அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் கலர் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாற்றுத்திறன் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க வைக்கும் உள்ளடங்கிய கல்வி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது.

சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், மாற்றுத்திறன் குழந்தைகளையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்தது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். 1995-ன் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளை 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம். இதில் ‘விரும்பும்’ என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். "இந்தப் புள்ளைக்கு நம்ம ஸ்கூல் சரிப்படாதும்மா, ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவதற்கு எந்தத் தலைமை ஆசிரியருக்கும் உரிமை இல்லை. தேர்வு செய்ய வேண்டியது பிள்ளையும் பெற்றோரும்தான்.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று அளவு சொன்னது. நடைமுறையில், ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான வட்டார வள மையத்திலிருந்து தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்தாலே அதிகம். வாரத்துக்கு 40 பீரியட் என்று வைத்துக்கொண்டால், அவர் ஒரு பிள்ளையோடு உட்காருவது இரண்டு அல்லது மூன்று. மற்ற 37-ம் வகுப்பாசிரியர் கையில். அதனால் எந்தத் திட்டம் போட்டாலும் அந்த 37 பீரியடில், 30-க்கு மேற்பட்ட மற்ற பிள்ளைகளோடு, ஒரே ஆள் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். சிறப்பாசிரியர் வரும் நாளுக்கு மட்டும் எழுதிய திட்டம் ஃபைலில்தான் இருக்கும்.

பேச்சு வழக்கா, கற்றல் குறைபாடா?

அடையாளம் காண்பதில் வடசென்னைக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. இங்கே பல வீடுகளில் ழகரம் யகரமாகத்தான் புழங்குகிறது. கோழி கோயி ஆகும், வாழைப்பழம் வாயப்பயம் ஆகும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ‘பழம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பயம்’ என்று எழுதினால், தான் கேட்டதைத் துல்லியமாக எழுதியிருக்கிறது என்று அர்த்தம். ஒலியை எழுத்தாக்கும் திறன் அதனிடம் நன்றாகவே இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் பிள்ளைகளும் இந்தப் பகுதியில் நிறையப் பேர். அவர்கள் தமிழ் வாசிப்பில் பின்தங்குவதற்குக் காரணம் மொழி புதிதாக இருப்பது. இந்த இரு தரப்பையும் ‘கற்றல் குறைபாடு’ பட்டியலில் எழுதிவிடுவதும் தவறு, உண்மையில் குறைபாடு உள்ள பிள்ளையை "ஏரியாப் பேச்சு, போகப் போகச் சரியாகிடும்" என்று ஐந்தாம் வகுப்பு வரை விட்டுவிடுவதும் தவறு. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

பிரித்தறிய வழி இருக்கிறது. பேச்சு வழக்கால் வரும் பிழை நிலையானது. அந்தப் பிள்ளை எல்லா இடத்திலும் ‘பயம்’ என்றே எழுதும், ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தால் திருத்திக்கொள்ளவும் தொடங்கும். கற்றல் குறைபாட்டில் பிழை நிலையில்லாதது. ஒரு வரியில் ‘பழம்’, அடுத்த வரியில் ‘பளம்’, மூன்றாவதில் ‘பமழ்’ என்று வரும். நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும். வாயால் கதை கேட்டால் நன்றாகச் சொல்லும், கேள்விக்கும் சரியான பதில் வரும், தாளில் மட்டும் தடுமாறும். இந்த இடைவெளிதான் முக்கியமான அடையாளம். பேச்சிலும், அன்றாட வேலைகளிலும், விளையாட்டிலும் சேர்த்துப் பின்தங்கியிருந்தால் அது வேறு, அறிவுசார் குறைபாடா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். கண்ணாடி போட்டால் தீரக்கூடிய ஒன்று ‘மக்கு’ என்ற பட்டத்தோடு மூன்று வருடம் ஓடிப்போனால், அதற்குப் பொறுப்பு பெரியவர்களுடையது.

ஆசிரியர் செய்ய வேண்டியது நோயைக் கண்டுபிடிப்பது அல்ல, பார்த்ததை எழுதி வைப்பது. ஒரு நோட்டில் தேதி போட்டு, பிள்ளை எழுதியதை அப்படியே ஒட்டி, மூன்று மாதம் வைத்திருந்தால் போதும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில், குறைபாட்டைச் சின்ன வயதிலேயே கண்டு உதவும் தொடக்க நிலை இடையீட்டு மையத்திலோ, ஸ்டான்லி மருத்துவமனையிலோ மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அந்த நோட்டே பதில் சொல்லும். அது இல்லாமல் போகும் தாய், "படிக்கவே மாட்டேங்குது சார்" என்ற ஒரு வாக்கியத்தோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வருத்தமும் சொல்ல வேண்டும். மருத்துவ முகாமில் மதிப்பீடு நடக்கிறது, சான்றிதழும் அடையாள அட்டையும் வருகின்றன, குடும்பம் அவற்றைப் பாலிதீன் கவரில் போட்டு உதவித்தொகைக்காகப் பத்திரமாக வைக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைப்பதால் அந்தக் கவர் வீட்டுக்கு மிகத் தேவை. ஆனால் அதே கவருக்குள் இருக்கும் மதிப்பீட்டு அறிக்கையின் நகல் வகுப்பாசிரியரின் மேசைக்கு வருவதே இல்லை. எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் போதும்.

கொம்பும் காலும்

தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு நம் எழுத்து எங்கே முட்டுக்கட்டை போடுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு, அடுத்து ‘க’, அதன்பின் துணைக்கால். வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ‘க்’. எழுத்தின் வரிசை ஒன்று, ஒலியின் வரிசை இன்னொன்று. பழகிய கண் மூன்றையும் ஒரே வடிவமாக எடுத்துக்கொள்கிறது. தடுமாறும் பிள்ளையின் கண் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகிறது. அதனால் ‘கெ’ என்று தொடங்கி, துணைக்காலைப் பார்த்ததும் ‘கா’ என்று மாற்றி, கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் ஒலியை மறந்துவிடுகிறது. உகர வரிசை வேறு விதச் சிக்கல். ஆகாரத்துக்குப் பெரும்பாலும் ஒரே துணைக்கால் போதும். உகரத்துக்கு எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும்.

இதற்குத் தீர்வு வரிசையில்தான் இருக்கிறது. 247 எழுத்தையும் அட்டவணைப்படி க, கா, கி, கீ என்று நடத்தாமல், குறியே இல்லாத வரிசையையும், குறி வலப்பக்கம் ஒட்டும் வரிசைகளையும் முதலில் எடுக்க வேண்டும்: அகரம், ஆகாரம், இகரம், ஈகாரம். அவை உறுதியான பிறகு உகரத்தை வடிவக் கூட்டமாகப் பிரித்துக் கொடுக்கலாம். டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, ணு, லு, று, னு ஒரு கூட்டம். ‘கு’ தனியாக நிற்கும். அடுத்தது கொம்பு இடப்பக்கம் வரும் எகரம், ஏகாரம், ஐகாரம். இரண்டு பக்கமும் சூழும் ஒகரமும் ஓகாரமும் கடைசியில். ஒகரத்துக்கு வரும்போது கொம்பையும் காலையும் ஒரே சிவப்பு மையில் எழுதி, நடுவில் உள்ள மெய்யைக் கறுப்பில் எழுதி, அதன் கீழே ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிள்ளையின் விரல் முதலில் புள்ளிக்குப் போகும், வாய் ‘க்’ என்னும், பிறகு சிவப்பைப் பார்த்து ‘ஒ’ என்னும். பழைய நோட்டு அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டி, வரியின்மேல் நகர்த்தி வாசிக்கச் செய்தால் அடுத்த சொற்கள் வந்து குறுக்கே விழாது.

ஒரு நாளைக்கு 10 நிமிடம், 5 சொற்கள், அதில் 3 பழையவை, 2 புதியவை. வாரத்தில் நான்கு நாள் விடாமல் நடக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் பயன் கிடையாது. எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது "தப்பா எழுதுனதைப் பத்து தரம் எழுதிட்டு வா" என்பது. பத்து முறை எழுதும்போது கை படம் வரைகிறது, ஒலி மனதில் ஓடுவதே இல்லை. மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் அதைவிட நன்றாகப் பதியும்.

இந்தப் பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தில் ‘வாசிப்பில் முன்னேற்றம் அடைவாள்’ என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. ‘முதல் பருவம் முடிவதற்குள், ஒகரம் உள்ள 20 சொற்களில் 15-ஐ உதவியின்றி வாசிப்பாள்’ என்று எழுதினால், வகுப்பாசிரியருக்கும் அம்மாவுக்கும் சிறப்பாசிரியருக்கும் ஒரே வேலை கண்ணில் தெரியும். ஒரு பருவத்துக்கு மூன்று இலக்கு, ஒரே பக்கம், அவ்வளவு போதும். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக ஏறும் மூன்று நிலைகள் இதற்கு நல்ல அடித்தளம், ஏனென்றால் ஒரே வகுப்பில் வேறு வேறு நிலையில் நடத்துவது ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஆபத்து என்னவென்றால், மாற்றுத்திறன் பிள்ளை அரும்பில் நுழைந்து அங்கேயே வருடக்கணக்காக உட்கார்ந்துவிடும். அரும்புக்குள்ளேயே அடுத்த படி எது என்பதைத்தான் அந்த ஒரு பக்கத் திட்டம் சொல்ல வேண்டும்.

ஒரே கணக்கு, வேறு வேறு இலக்கு

கடைசி பெஞ்சும் கலர் பென்சிலும் மாறுவது எப்படி? மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 27 கழிக்கிறார்கள். கரும்பலகையில் மட்டும் நடத்தினால் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. அதே கணக்கைத் துடைப்பக் குச்சியும் ரப்பர் பேண்டுமாக நடத்தலாம். 5 கட்டும் 2 உதிரிக் குச்சியும் மேசைமேல் இருக்கின்றன. 2-ல் 7 போகாது. ஒரு கட்டைப் பிரித்தால் 4 கட்டும் 12 உதிரியும் ஆகின்றன. உதிரியில் 7 எடுத்தால் 5, கட்டில் 2 எடுத்தால் 2, விடை 25. இதில் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுப் போடுவது அந்தப் பிள்ளையின் வேலை. அதன் இலக்கும் அதுதான்: தவறாமல் பத்து வரை எண்ணுவது. ஒரு கட்டில் 9 குச்சி இருந்தால் குழுவின் விடை தப்பிப்போகும், எல்லோரும் சேர்ந்து திரும்ப எண்ணுவார்கள். அந்த வேலை வகுப்புக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது, பிள்ளையும் அதை உணர்கிறது.

அதே பீரியடில் குறைபார்வை உள்ள பிள்ளை 2 செ.மீ. கட்டம் போட்ட தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் போடும். அதன் தாள் சாய்வுப் பலகைமேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து முழுக்கக் குனிந்து அரைமணியில் சோர்ந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் அதன் முகத்தில் அடிக்கக் கூடாது. ஆசிரியரும் ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசக் கூடாது, நிழலுருவம்தான் தெரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ‘முதலில் 3 கணக்கு, பிறகு தண்ணீர்’ என்று படம் வரைந்த ஒரு அட்டை மேசையில் இருந்தால், எப்போது முடியும் என்ற பதற்றம் குறையும். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மெதுவாகச் சொல்லிவிட வேண்டும். திடீர் மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது அடம் இல்லை, அந்தச் சத்தம் அதற்கு வலிக்கிறது.

துணைக்கு ஒரு தோழியை உட்கார வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் வருடம் முழுக்க ஒரே பொறுப்பான பெண் பிள்ளைமேல் அதைச் சுமத்தினால் அவளுக்கும் அநியாயம், இவளுக்கும் பயனில்லை. அவளே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவாள். வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றி, ‘காட்டு, ஆனா செய்யாதே’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

காதில் இருக்கிற கருவி வேலை செய்கிறதா

காதுக் கருவி மாட்டியிருந்தால் பிள்ளைக்குக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வது பெரிய தவறு. பேச்சுச் சத்தம், தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். கருவி நன்றாக உதவுவது ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள். அதற்கு அப்பால் மின்விசிறியையும், எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரியையும், ஆசிரியர் குரலையும் ஒன்றாகப் பெருக்கித்தான் கொடுக்கும். முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தால் பின்னால் யார் பதில் சொல்கிறார்கள் என்பது தெரியாது. சாலைப் பக்க ஜன்னலை விட்டு விலகி, இரண்டாம் வரிசை ஓரத்தில், நன்றாகக் கேட்கும் காது வகுப்பைப் பார்த்திருக்கும்படி உட்காருவது மேல். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே ஆசிரியர் பேசினால் உதடு தெரியாது, பாதிப் பாடம் போய்விடும்.

தினமும் காலையில் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றி, இடைவெளி மாற்றிச் சொல்ல வேண்டும். கேட்டதும் பிள்ளை கை தூக்க வேண்டும், முடிந்தால் திருப்பிச் சொல்ல வேண்டும். தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை பேச்சின் முழு வீச்சும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, அழுக்கு அடைத்த குழாய், சளி, இவற்றில் ஒன்று. கருவி விசிலடித்தால் பெரும்பாலும் காதுக்குள் பொருந்தும் காது அச்சு தளர்ந்திருக்கும். பிள்ளை வளர வளரக் காதும் வளர்வதால் சின்ன வயதில் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும். பல வீடுகளில் விசில் தொல்லை தாங்காமல் கருவியையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரக் காற்றின் ஈரமும் கருவிக்கு எதிரி. ராத்திரியில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் கருவி நீடிக்கும். இந்த வகைப் பேட்டரி காற்றில் இயங்குவது. ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

சாய்தளம், கழிப்பறை, பரீட்சை

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு அளவு 1-க்கு 12, அதாவது உயரம் ஒன்று என்றால் நீளம் பன்னிரண்டு. வராந்தா 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடம் நெருக்கடியான பள்ளிகளில் அதை இரண்டு மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி பின்னால் சாயும். இடமில்லை என்றால் நடுவில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். அதைவிட எளிது, அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. செலவே இல்லை, தலைமை ஆசிரியர் மனம் வைத்தால் ஒரே நாளில் முடியும்.

கழிப்பறை இதைவிடப் பெரிய விஷயம். கதவு 90 செ.மீ. அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இவை இருந்தும் கூட்டிப்போக ஆள் இல்லாததால் பல அம்மாக்கள் வீட்டு வேலைக்கும் போக முடியாமல் காலையிலிருந்து பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது ஆகும்போது படிப்பு நிற்கிறதென்றால் பாடத்தைக் காட்டிலும் இதுவே காரணமாக இருப்பது வழக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் இதைப் பேசினால் மட்டும் போதாது, தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதியதைத்தான் மேலே அனுப்பிப் பதில் கேட்க முடியும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் உண்டு. குறைபாட்டுக்கு ஏற்றபடி இவை வழங்கப்படும். இழப்பது பெரும்பாலும் தேதியால். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயது நிரம்பிய பிறகுதான் சான்றிதழ் தருவார்கள். 2018-ல் வந்த மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல் அதை 14 வயதில் மீண்டும் வாங்கச் சொன்னது. நான்காம் வகுப்பில் வாங்கிய சான்றிதழோடு பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடுவது வீண் அலைச்சல். ஒன்பதாம் வகுப்பிலேயே மறு மதிப்பீட்டை முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்பு தொடங்கியதும் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சொல்வதை எழுதுபவர் கிடைத்தும் மதிப்பெண் குறைவதற்குக் காரணம் வேறு. யோசித்து, வாக்கியமாக்கி, நிறுத்தி நிறுத்திச் சொல்வது தனித் திறமை. எட்டாம் வகுப்பிலிருந்து மாதத் தேர்வுகளை அப்படி எழுதிப் பழகாத பிள்ளை, தேர்வு அறையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லத் திணறும்.

ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ் மட்டும் போகிறது, ஐந்து வருடம் கற்றுக்கொண்டதெல்லாம் பழைய பள்ளியிலேயே தங்கிவிடுகிறது. புது ஆசிரியர் முதலிலிருந்து தொடங்குகிறார், பிள்ளைக்கு ஒரு பருவம் வீணாகிறது. ஏப்ரலில் வகுப்பாசிரியர் ஒரு பக்கம் எழுதிச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்: எங்கே உட்கார்ந்தால் கேட்கிறது, காதுக் கருவியின் பேட்டரி எண் 13-ஆ 675-ஆ, எவ்வளவு பெரிய எழுத்து தெரிகிறது, எந்தச் சத்தத்துக்குப் பயம், பயந்தால் என்ன செய்தால் அடங்கும், கழிப்பறைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், கடைசியாக எந்த எழுத்து வரிசை வரை உறுதியாக வாசிக்கிறது, அதே பள்ளிக்குப் போகும் சிநேகிதி யார்.